ஊதியங் கருதாத தெரிவு

மருத்துவங் கற்றோர் சிறப்புத் துறையொன்றைத் தெரிந்தெடுக்குங்கால், வருவாயை மறந்தால் எதனை நாடுவர்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலே விடை தந்தவர் சென்னை வைத்தியர் வி. சாந்தா அம்மையார்.

மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற அவருக்கு அரசினர் மருத்துவமனையிற் பதவி காத்திருந்தது. அதனை விடுத்து, முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையத்தில் 1955இற் சேர்ந்தார். அந்நோய் தீராதென்றே பலரும் நம்பிய காலமது. மூன்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். பின்னர் பெற்றது மாதம் 200 ரூபாவே. 2021இல் மறையும்வரை அப்பணியை விட்டாரில்லர்.

ஊதியம் இகழத்தக்கதன்று; குடும்பத்தைத் தாங்குவது அதுவே. ஆயினும், "எத்துறை எனக்கு மிகுதி தரும்?" என்பதோடு, "எந்நோயாளிக்கு வைத்தியர் இல்லை?" எனவும் மாணவர் வினவுதல் வேண்டும். சிறப்பு வைத்தியரை நாடிக் குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்குப் பேருந்தேறும் நோயாளரைக் கண்டவர்க்கு அவ்வினா புதிதன்று.