டிஸ்க் காணவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டதா?

லேப்டாப்பில் விண்டோஸ் வராமல், பூட் செய்ய எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒற்றை வரி நின்றால், ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று பலரும் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வரி அவ்வளவு சொல்லவில்லை. மதர்போர்டு கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. பழுது கேட்ட இடத்திலா, கேபிளிலா, டிஸ்க்கிலா என்பது இன்னும் தெரியாது. அது தெரியும்வரை புது டிஸ்க் வாங்குவதும் பழையதைத் தூக்கிப் போடுவதும் அவசரம்.

டிஸ்க் பதில் சொல்வதற்குள் நிறைய நடந்தாக வேண்டும். மின்சாரம் வந்ததும் தகடுகள், லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று என்ற வேகத்தை எட்ட வேண்டும். டேட்டாவைப் படிக்கும் ஹெட், தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டும். டிஸ்க்கை இயக்கும் ஃபர்ம்வேரின் ஒரு பகுதி அந்தத் தகடுகளிலேயே தனி இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஹெட் அதைப் படித்தாக வேண்டும். அதன் பிறகுதான் மாடல் பெயர், சீரியல் எண், கொள்ளளவு எல்லாம் அடங்கிய 512 பைட் பதில் மதர்போர்டுக்குப் போகிறது. இடையில் எது தடைப்பட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: டிஸ்க் இல்லை. 2008 கடைசியில் சீகேட்டின் பாரகுடா 7200.11 வரிசை டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பல, முந்தைய நாள்வரை நன்றாக ஓடிவிட்டு, மறுநாள், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸில் காணாமல் போயின. தகடு தேயவில்லை, ஹெட் உடையவில்லை. ஃபர்ம்வேரில் இருந்த பிழை, டிஸ்க்கைத் தொடங்கும்போதே முடக்கிவிட்டது. 2009 ஜனவரியில் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டது. டேட்டா அத்தனையும் தகட்டில் பத்திரமாகவே இருந்தது.

அதனால் சோதனை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் பயாஸைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் டிஸ்க் பேசுகிறது என்று பொருள். கோளாறு பூட் வரிசையிலோ பார்ட்டிஷனிலோ டிரைவரிலோ இருக்கலாம். இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸை நிறுவும்போது எஸ்எஸ்டி கண்ணில் படாது. இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைச் சேர்த்ததும் வந்துவிடும். பயாஸிலும் பெயர் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கேபிள்மேல். 2012ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் ப்ரோவில், காகிதம்போல மெல்லிய பட்டைக் கேபிள் அலுமினிய உடலை ஒட்டி மடிந்து போகிறது. அது பழுதாவது ரிப்பேர் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அங்கே புது டிஸ்க் போட்டால் அதுவும் காணாமல்தான் போகும். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால் வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இப்படித் திரும்பத் திரும்பச் சோதிப்பதே டிஸ்க்கைக் கெடுக்காதா என்று கேட்கலாம். ஒரு நிலையில் நிச்சயம் கெடுக்கும். உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சீராகச் சத்தம் வந்தால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது. சேதமான ஹெட் தகட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிய இடத்து டேட்டாவை யாராலும் மீட்க முடியாது. அந்தச் சத்தம் கேட்டதும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டேட்டா மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்; வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பார்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொரு போர்டின் சிப்பிலும் அந்த டிஸ்க்குக்கு மட்டுமே பொருந்தும் அளவீடுகள் இருக்கின்றன. சிப்பையும் மாற்றிப் பொருத்தாமல் பயனில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, எஸ்எஸ்டி மலிவாகிவிட்டதே என்பவர்களும் உண்டு. டிஸ்க் கடையில் கிடைக்கும். பத்து வருடக் குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் கிடைக்காது. நகல் வேறெங்கும் இல்லாதவருக்கு இந்தப் பாடு தேவைதான்.

காணாமல் போன டிஸ்க் மறுபடி தெரிந்ததும்தான் பெரிய ஆபத்து. ‘ஃபார்மட் செய்யவா’, ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்கும். எதற்கும் சம்மதிக்கக் கூடாது. பிழை திருத்தும் செக்டிஸ்க்கையும் உடனே ஓட்டக் கூடாது. அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கிவிடும். முதல் வேலை, முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுப்பது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ, எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். மற்ற சோதனைகள் எல்லாம் அந்த நகலின்மேல் நடக்கட்டும்.