காணிக்கைப் பணத்தில் அடுப்பும் விறகும் எதற்கு?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

இமாச்சலப் பிரதேசத்து மலைகளில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கி வருகிறீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆண்டுக் கணக்கறிக்கையை வாசித்த நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்கள். மருந்து, படுக்கை, பரிசோதனைக் கருவி ஆகிய செலவுகளுக்கு நடுவே “அடுப்பு, புகைபோக்கி, விறகு” என்று ஒரு வரி இருக்கிறதே, மருத்துவமனைக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருநெல்வேலியிலும் மதுரையிலும் நாகர்கோவிலிலும் வீட்டுக்குள் காற்று வருவதற்கு வழி தேடுகிறோம். வீட்டைச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. ஆகையால் இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

குளிர் என்னும் நோய்க் காரணம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே இரவில் தண்ணீர் உறைந்துபோகும். காலையில் குழாயைத் திறந்தால் ஒன்றும் வராது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் பரிந்துரை செய்தது. நெருப்பில்லாத மலை வீடு ஒன்றில் குளிர்காலத்தில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

முதியவர்களுக்குக் குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். மூச்சிரைப்பு நோய் முற்றும். ஆனால் எல்லாரிலும் அதிக ஆபத்து பிறந்த குழந்தைக்குத்தான். பெரியவர்களைப்போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. எடை குறைவு, அதற்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். எனவே சூடு சீக்கிரமாய் வெளியேறிவிடும். உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழந்தை சோர்ந்துவிடும், பால் குடிக்காது, இரத்தத்தில் சர்க்கரை குறையும். எடை குறைந்து பிறந்த குழந்தையானால் உயிருக்கே மோசம்.

மருத்துவமனையில் இதற்கு வழி உண்டு. பிரசவ அறையைக் குறைந்தது 25 டிகிரியில் வைக்கிறோம். குழந்தையை உடனே துடைத்துத் தாயின் மார்போடு மார்பாகச் சேர்த்துப் போர்த்துகிறோம். ஆனால் இரண்டு மூன்று நாளில் தாயும் சேயும் வீடு திரும்ப வேண்டுமே! அந்த வீட்டில் என்ன நெருப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தே நாங்கள் இங்கே செய்த வேலை நிற்கும்.

அங்கீட்டியின் ஆபத்து

மிகவும் ஏழையான வீடுகளில் இருப்பது அங்கீட்டி. நம் ஊர்க் குமுட்டி அடுப்பைப் போலவோ கணப்புச் சட்டியைப் போலவோ இருக்கும். சாயங்காலம் வெளியே அடுப்புக்கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிய பின் அறைக்குள் கொண்டுவந்து, கதவு சன்னல்களை இறுக அடைத்து, சந்துகளில் துணியைச் செருகி, அதைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். “புகையே இல்லையே, அப்புறம் என்ன பயம்?” என்று பாட்டிமார் கேட்பார்கள்.

பயம் அங்கேதான் இருக்கிறது. காற்று போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்கினவர்கள் எழுந்திருப்பதில்லை. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக இப்படி மரிக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்க்கு மயக்கம் தெளிந்தாலும் வயிற்றிலுள்ள சிசு தப்பாமல் போகலாம்.

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி இந்த நோயாளிகளிடத்தில் ஏமாற்றிவிடும். அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும். ஆகவே குளிர்காலத்தில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் தலைவலியோடு வந்தால், “இரவில் என்ன எரித்தீர்கள்?” என்பதே எங்கள் செவிலியர் கேட்கும் முதற்கேள்வி. சாதாரணக் காற்றில் அந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாய் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் குறைந்துவிடும். வேளையோடு வந்தால் காப்பாற்றலாம். வராதவர்களுக்கு மருந்தால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு அடுப்பு.

புகைபோக்கி இல்லாத விறகு அடுப்பும் மெதுவாகக் கொல்லும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மரித்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் பல ஏழை வீடுகளுக்கு சமையல் எரிவாயு வந்தது. ஆனால் எரிவாயு சோற்றை வேகவைக்கும். இரவெல்லாம் வீட்டைச் சூடாக்கி வைக்க அதற்குக் கட்டுப்படியாகாது. மின்சாரக் கணப்பும் உண்டு. பனி கொட்டி மின்கம்பி அறுந்துவிட்டால், மிகவும் தேவையான அந்த இரவிலேயே அது நின்றுபோகும். ஆகவே மலைக்காரர் விறகை விட முடிவதில்லை.

தீ உள்ளே, புகை வெளியே

இதற்கு மலைநாட்டார் கண்ட நல்ல வழி தந்தூர். ரொட்டி சுடும் மண் அடுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே தந்தூர் என்றால் இரும்புத் தகட்டால் செய்த மூடிய அடுப்பு. நடு அறையில் நிற்கும். அதிலிருந்து தகரக் குழாய் கூரையைத் தாண்டி வெளியே போகும். சூடான காற்று குழாயில் மேலே ஏறும்போது, அந்த இழுப்பில் கீழ்க் கதவு வழியாய்ப் புதுக் காற்று அடுப்புக்குள் வரும். புகையும் நச்சு வாயுவும் குழாய் வழியே போய்விடும். இரும்பின் சூடு மட்டும் அறைக்குள் பரவும். மேலே கெண்டியில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும். வீட்டார் எல்லாரும் அதைச் சுற்றியே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், படிப்பார்கள், ஜெபிப்பார்கள்.

இதற்குத் துணை ஹமாம். நம் பாட்டி வீடுகளில் இருந்த செம்புப் பாய்லரை உங்களில் பலர் அறிவீர்கள். நடுவில் நெருப்புக் குழல், சுற்றிலும் தண்ணீர், சிரட்டையும் மட்டையும் எரிபொருள். ஹமாமும் அதேதான். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும்.

இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்ததே இப்போது எங்கள் செவிலியர் குடியிருப்பிலும், நோயாளிகளின் உறவினர் தங்கும் அறையிலும் வைத்திருக்கும் பாய்லர் அடுப்பு. அடுப்பின் முதுகுப்புறத்தில் தண்ணீர் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். சூடான நீர் இலேசாகி மேற்குழாய் வழியாய் உயரத்திலுள்ள தொட்டிக்கு ஏறும்; குளிர்ந்த நீர் கனமாகிக் கீழ்க்குழாய் வழியாய்த் திரும்பும். இப்படித் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் வேண்டாம். அந்த வெந்நீர் போகும் வழியில் அடுத்த அறைகளின் சுவரோரம் இரும்புத் தகட்டுப் பெட்டிகளை வைத்தால் அந்த அறைகளும் சூடாகும். இதில் சுற்றும் நீரை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. தொட்டிக்குள் செல்லும் சுருள் குழாய் வழியாய் அது தன் சூட்டை மட்டும் குளிக்கும் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரே நெருப்பில் ஓர் அறைக்கு அனல், மற்ற அறைகளுக்குச் சூடு, குளிக்கவும் துவைக்கவும் வெந்நீர்.

எதை எரிக்கலாம்?

பல எரிபொருளையும் ஏற்கும் என்பதே இவ்வடுப்பின் சிறப்பு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு.

விறகு, சாம்பல் மெத்தையின்மேல் நன்றாக எரியும். அதற்குக் காற்று மேலிருந்து வர வேண்டும். நிலக்கரிக்கோ அடியிலிருந்து காற்று வேண்டும். ஆகவே கம்பித் தட்டை அடிக்கடி அசைத்துச் சாம்பலைக் கீழே தள்ள வேண்டும். இதற்காகவே அடுப்பில் மேலும் கீழும் இரண்டு காற்றுக் கதவுகள் உள்ளன. சாண வறட்டியும் எரிக்கலாம். சூடு குறைவு, சாம்பல் அதிகம். பைன் காய்களும் அக்ரூட் ஓடுகளும் நெருப்பு மூட்ட மிகவும் நல்லவை.

எதை எரித்தாலும் காய்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே முதற்சட்டம். புதிதாய் வெட்டிய மரத்தில் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதை எரித்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டுவதிலேயே பெரும்பகுதிச் சூடு வீணாகும்; புகைக்குழாயில் தாரும் படியும். பிளந்து, மழை படாமல், காற்றுப்பட அடுக்கி ஒரு வருடமாவது காயவிட வேண்டும். இங்கே ஆப்பிள் தோட்டங்களில் குளிர்காலத்தில் கவாத்து செய்கிறார்கள். அந்தக் கிளைகளை வாங்கி அடுத்த குளிர்காலத்துக்காக அடுக்கிவிடுகிறோம். இதனால் காட்டு மரம் வெட்டுவது குறைகிறது. பிளாஸ்டிக், பெயின்ட் பூசிய பலகை, மருத்துவமனைக் கழிவு ஆகியவற்றை ஒருபோதும் அடுப்பில் போடக்கூடாது.

தவறக்கூடாத காவல்கள்

நெருப்பையும் தண்ணீரையும் ஒன்றாக வைப்பதால் எச்சரிக்கை மிகவும் தேவை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், குழாய் வெடித்துவிடும். அதைவிட மோசம், குழாய் உறைந்து அடைத்திருப்பதை அறியாமல் அடுப்பை மூட்டுவது. நீராவி போக வழியின்றிப் பாய்லரே வெடிக்கும். எனவே அறையைப் பூட்டிப் போகும்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும். உயரத்தில் திறந்திருக்கும் ஆவிக் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லரில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது, இரும்பு பிளந்துவிடும்.

குளிர்காலம் தொடங்கும் முன்பும் நடுவிலும் புகைக்குழாயைத் துடைக்க வேண்டும். தார் படிந்த குழாய் தீப்பற்றினால் மரவீடு தப்பாது. கூரைமேல் விழும் பனி குழாயின் வாயை மூடாமல் பார்க்க வேண்டும். புகைபோக்கி இருந்தாலும் அறையில் காற்று வர ஒரு சிறு வழி எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும். தவழும் பிள்ளைகள் சூட்டில் கைவைக்காதபடி சுற்றிலும் கம்பி வேலி அவசியம். தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

பாய்லர் அடுப்பு மருத்துவமனை வளாகத்தில் மட்டும்தான். கிராமத்து வீடுகளுக்குப் புகைக்குழாயோடு கூடிய எளிய தந்தூர் போதும். எடை குறைந்த குழந்தையோடு வீடு செல்லும் ஏழைத் தாய்மாருக்கும், மூச்சிரைப்பு நோயாளிகளுக்கும் உள்ளூர்க் கொல்லரிடம் செய்து கொடுக்கிறோம். எங்கள் கிராம ஊழியர் நேரில் போய்க் குழாயைப் பொருத்தி, மேற்சொன்ன காவல்களை வீட்டாருக்குக் கற்பித்துவிட்டு வருகிறார். ஜாதி, மதம் பார்ப்பதில்லை.

இது புதிய ஊழியமுமல்ல. 1850களில் ஜெர்மனியிலிருந்து வந்து லாகூலிலுள்ள கேலாங்கில் தங்கிய மொராவியன் சபை ஊழியர்கள், சுவிசேஷத்தோடு கம்பளிப் பின்னல் வேலையையும் அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். லாகூல் காலுறைகள் இன்றும் பேர்பெற்றவை. பனிநாட்டில் அன்பு காலுறையாகவும் வரும், அடுப்பாகவும் வரும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், குளிர்காய வகையில்லாத சகோதரனுக்கு வேண்டியதைக் கொடாமல் நல்ல வார்த்தை மாத்திரம் சொல்லி அனுப்புவதால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். பிள்ளையைப் பெற்று வீடு திரும்பும் தாயை நாங்கள் வெறும் வாழ்த்தோடு அனுப்பாதபடிக்கு உங்கள் காணிக்கை உதவுகிறது. கணக்கறிக்கையில் நீங்கள் கண்ட அந்த ஒரு வரியின் பொருள் இதுதான்.

ஜெபக் குறிப்புகள்

1. கடந்த குளிர்காலத்தில் செவிலியர் குடியிருப்பையும் உறவினர் அறையையும் விபத்தின்றிக் காத்த தேவனை ஸ்தோத்திரியுங்கள்.

2. வரும் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு மழைக்கு முன்பே காய்ந்து கிடைக்க ஜெபியுங்கள்.

3. அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கும் குடும்பங்கள் ஆபத்தை உணர்ந்து அதை விட்டுவிட ஜெபியுங்கள்.

4. பனியில் நடந்து கிராமங்களுக்குச் செல்லும் எங்கள் ஊழியரின் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள்.



கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்