போர்டு இல்லாத பரம்பரைக் கடை

சென்னையில் பரம்பரை ஓட்டல் என்றதும் மவுண்ட் ரோடு புகாரி, திருவல்லிக்கேணி ரத்னா கபே என்றுதான் பேச்சு ஓடும். வடசென்னைக்காரர்கள் அந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும் என்பேன்: பர்மா நூடுல்ஸான அத்தோவை விற்கும் கடைக் குடும்பங்கள். கட்டடம் இல்லை, போர்டு இல்லை, பல இடங்களில் பெஞ்சுகூடக் கிடையாது. ஆனால் தாத்தா பிசைந்த அத்தோவைப் பேரன் பிசைகிறார்.

1962 மார்ச்சில் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அடுத்தடுத்து அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ரங்கூனில் தலைமுறைகளாகத் தொழில் செய்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எர்ணாவூர் பர்மா நகரிலும் குடியேறினார்கள். 1969-ல் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மா பஜார் வந்தது. பஜாரில் வெளிநாட்டுச் சாமான் விற்றார்கள். எதிரே செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ கடைக்கு அடுப்பு மூட்டினார்கள்.

அந்த அடுப்புப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறமேறிய நூடுல்ஸைக் கடைக்காரர் கிண்ணத்தில் அள்ளிப் போடுகிறார். மெலிசாக அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய், எலுமிச்சை. மேலே பேஜோ என்ற மொறுமொறு வறுவலை நொறுக்கித் தூவி, வெறுங்கையால் பிசைகிறார். கரண்டி இங்கே உதவாது. புளி ஏறியதா, எண்ணெய் போதுமா என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டே இருக்கிறது. இதன் மூலம் மொய்ங்கா; பர்மாவில் அது மீன் சாற்றில் போட்ட நூடுல்ஸ். இங்கே பல கடைகளில் மீன் போய், வாழைத்தண்டு நின்றுவிட்டது. வயிற்றைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்த அவித்த முட்டை, தொட்டுக்கொள்ள.

மணலி ஆலையில் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிற ஆளுக்கு இது வேடிக்கைப் பண்டம் அல்ல; நின்றபடியே முடிக்கிற இரவுச் சாப்பாடு.

இப்படிப் பெரிய ஓட்டல்களுக்குச் சமமாகக் கைமாறி வந்த தொழிலுக்கு உரிமைப் பத்திரம் ஏதாவது உண்டா? 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் ஓரளவு கதவைத் திறந்திருக்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்தாலோ நோயில் விழுந்தாலோ மனைவியோ கணவரோ, அவரை நம்பியிருக்கும் பிள்ளையோ அதே இடத்தில் கடை போடலாம். ஆனால் அந்தச் சான்றிதழின் காலம் முடியும்வரைதான். அதற்குப் பிறகும் பேரனுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும். மாநகராட்சி செய்ய வேண்டியது அதுதான். அத்தோ திருவிழா அல்ல.