கட்டைக் கணக்கும் கணினித் தேசப்படமும்

கிளிநொச்சியில் "155ஆம் கட்டை" என வழங்கும் இடம் ஒன்று உண்டு. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியின் மைற்கல் எண்ணே அவ்விடத்துக்குப் பெயராயிற்று. அகலாங்கு, நெட்டாங்கு அறியாதாரும் வீதியையும் எண்ணையும் கொண்டு அதனை அடைவர். தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களும் தூரத்தைக் காதக் கணக்கிற் கூறுவன. வழியைக் கூறித் தூரத்தையுங் கூறின் இடம் புலப்படும் என்பதே இவற்றின் அடிப்படை.

புவியியல் தகவல் முறைமையும் இதனையே கையாளுகின்றது. கணினித் தேசப்படத்தில் வீதியென்பது வரிசையாய் இணைந்த புள்ளிகளாலாய கோடாகும். ஒவ்வொரு புள்ளிக்குமுரிய இரண்டு ஆள்கூறுகளுடன், தொடக்கத்திலிருந்து அதற்குள்ள தூரமும் மூன்றாவது எண்ணாகச் சேர்க்கப்படும். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் தூரம் 100, 110 கிலோமீற்றர் எனக் கொள்வோம். 104ஆம் கிலோமீற்றரில் மதகொன்று உளதெனின், அவற்றிடைக் கோட்டிற் பத்தில் நான்கு பங்கு கடந்த இடத்தைக் கணினி தானே கணித்துக் குறிக்கும்.

இதனால் எய்தும் பயன் யாது? தார் பழுதான பகுதி, வேக எல்லை, விபத்து என்பன ஒவ்வொன்றுக்கும் கோட்டைத் துண்டாட வேண்டியதில்லை. வீதியின் பெயரையும் தொடக்க, முடிவுத் தூரங்களையும் அட்டவணையில் எழுதினாற் போதும். 101 முதல் 106 வரை தார் பழுதென ஓர் அட்டவணையும், 103இல் விபத்தென மற்றோர் அட்டவணையும் கூறின், இரண்டும் ஓரிடத்தனவாதல் உடனே தெளிவாகும்.

எனினும் இம்முறையில் இடர் ஒன்றுண்டு. வளைவொன்று நேராக்கப்பட்டு வீதி 1 கிலோமீற்றர் குறுகுமாயின், அப்பாலுள்ள இடங்கள் யாவற்றின் தூரமும் அவ்வளவு குறையும். பழைய பதிவைத் திருத்தாதுவிடின், 150இல் நிகழ்ந்த விபத்து தேசப்படத்தில் 1 கிலோமீற்றர் தள்ளித் தோன்றும். எச்சரிக்கைப் பலகையும் ஆபத்தில்லாத இடத்திலே நடப்படும். ஆதலின், நிலையான கற்களின் பழைய எண்களை மாற்றாது வைத்து, குறுகிய பகுதிக்குள் மட்டும் தூரத்தைப் பங்கிடுவதும், பதிவுதோறும் அளந்த காலத்தைக் குறிப்பதும் இன்றியமையாதன.

இன்று வீதிகள் கிலோமீற்றரால் அளக்கப்படினும் 155ஆம் கட்டை பெயர் மாறவில்லை. அவ்வெண்ணைக் கிலோமீற்றரெனக் கொள்வோன் ஏறக்குறைய 94 கிலோமீற்றர் முன்னரே நின்றுவிடுவான். எங்கிருந்து, எவ்வழியே, எவ்வலகால், எக்காலத்தில் அளக்கப்பட்டது என்பன தெரிந்தவிடத்தே எண் இடத்தைக் காட்டும். தெரியாதவிடத்து அது வெறும் எண்ணே.