ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் கறுப்பு வெள்ளைப் படப் பயிற்சியும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது, எடுக்க வேண்டிய பொருளின் தொலைவை அளந்து லென்சைக் குவிக்கும் கேமரா வகை. இதில் பெரும்பாலும் 35 மி.மீ. பிலிம் பயன்படுகிறது. பழைய கேமராக்கள் பலவற்றில் ஒளிமானி கிடையாது. எடுத்த படத்தை உடனே பார்க்கவும் முடியாது. தொலைவையும் ஒளியையும் எடுப்பவரே கணிக்க வேண்டியிருப்பதால், ஒளிப்படக் கலையின் அடிப்படைகளைக் கற்க இக்கேமரா ஏற்றது.

செயல்படும் முறை

கேமராவின் முன்புறத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே வரும் காட்சிகள் பார்வைத்துளையின் நடுவில் இரட்டை உருவமாகத் தெரியும். லென்சின் வளையத்தைத் திருப்பி, இரண்டு உருவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் குவியம் சரியாக அமையும். லென்சோடு இணைந்த இந்த அமைப்பு 1932இல் வெளிவந்த லைக்கா 2 கேமராவில் இடம்பெற்றது.

இவ்வகைக் கேமராவில் கண்ணாடி மேலெழும் ஓசையும் அதிர்வும் இல்லை. ஆனால், கண் பார்ப்பது லென்சின் வழியாக அல்ல. எனவே லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும்; பிலிமில் மட்டும் ஒன்றும் பதியாது. மிக அருகில் எடுக்கும்போது, பார்வைத்துளையில் தெரிந்த பகுதி படத்தின் ஓரத்தில் வெட்டுப்படலாம்.

தமிழகத்தில் ஒரு முன்னோடி

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்சும் கொண்டு பெரும்பாலான படங்களை எடுத்தவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார். அதே மாதம் புதுச்சேரியில், 1926 முதல் ஒதுங்கி வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். நோயுற்றவரின் அறையிலும் தனிமையில் வாழ்பவரின் முன்னும் சிறிய, ஓசை குறைந்த கேமரா எவ்வளவு உதவும் என்பதற்கு இவை சான்று.

பழைய லென்ஸ்

சோவியத் நாட்டில் தயாரான ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களும் ஜூபிட்டர்-8 லென்சும் (50 மி.மீ., எஃப் 2) பயில்வோர் இன்றும் நாடுபவை. வாங்கும்போது லென்சின் வழியே கைவிளக்கைச் செலுத்திப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக் காற்று மிகுந்த கடலோரப் பகுதிகளில் இது எளிதில் பரவும். பழைய லென்ஸ்களில் எதிர்வெளிச்சம் பட்டால் படம் வெளிறிப்போகும். கையால் நிழல் கொடுத்தாலே பெரிதும் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. ஜோர்க்கி 4 போன்றவற்றில் பிலிமை நகர்த்திய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். மூடி இல்லாத லென்சைச் சூரியனை நோக்கி வைத்திருந்தால், குவிந்த வெயில் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும்.

பிரம்மதேசத்தில் பயிற்சி

விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரத்துக்கு அருகிலுள்ள பிரம்மதேசத்தில் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் கோயில்கள் உள்ளன. சோழர் காலக் கற்றளிகளான இவற்றின் சுவர்களில் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. வெயில், நிழல், இருள் மூன்றும் சில அடிகளுக்குள் கிடைக்கும் இத்தகைய இடம் ஒளியைக் கணிக்கப் பழக ஏற்றது.

400 ஐஎஸ்ஓ பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, 1/500 நொடி என்பது தொடக்கக் கணக்கு. சுவரின் நிழலில் அதே வேகத்துக்கு எஃப் 5.6 வரை திறக்க வேண்டியிருக்கும். மண்டபத்தின் உட்பகுதியில் எஃப் 2, 1/30 வரை இறங்கலாம். அப்போது 1 மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே. தொலைவை அளப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் சிற்பத்தின் முகம் மங்கிவிடும்.

கல்வெட்டைப் படிக்கும்படி எடுக்கச் சாய்வெயில் வேண்டும். நேர்வெயிலில் எழுத்துகள் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழும். தை, மாசியில் தெற்குச் சுவரிலும், வைகாசி, ஆனியில் வடக்குச் சுவரிலும் காலை, மாலை வேளைகளில் இவ்வெளிச்சம் கிடைக்கும். கருவறையைப் படமெடுப்பது தவிர்க்கப்பட வேண்டும். முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

பிலிமைக் கழுவுதல்

ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. அது மூடப்பட்ட பின் இந்தியாவில் பயன்படும் பிலிம் பெரும்பாலும் இறக்குமதியே. 36 படங்கள் கொண்ட சுருளை வீணாக்காமல் இருக்கக் கழுவும் முறையையும் கற்க வேண்டும்.

இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு நீர் கலக்காத ஐடி-11 கரைசலில் 20 டிகிரி செல்சியசில் ஏழரை நிமிடம் தேவை. தமிழகக் கோடையில் குழாய்நீர் இதைவிட மிகவும் சூடாக இருக்கும். சூடு கூடினால் நேரம் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் சீராக அமையாது. கரைசல் புட்டிகளைப் பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில் வைத்துக் குளிர்விப்பது எளிய வழி. ஃபிக்ஸர் போதாமலோ அலசல் குறைந்தோ போனால், சில ஆண்டுகளில் நெகட்டிவில் கறை படரும்.

ஆவணப் பயன்

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்துள்ளது. அவற்றில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. விருத்தாசலம் கோயிலிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குச் சென்ற அர்த்தநாரீஸ்வரர் சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அதை அடையாளம் காண இந்நிறுவனத்தின் பழைய படம் உதவியது.

எனவே பயில்பவர் எடுத்த நாள், ஊர், கோயில், சுவரின் திசை, தொலைவு, துவார அளவு, ஷட்டர் வேகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. துவாரமும் வேகமும் அடுத்த சுருளில் பிழையைத் திருத்த உதவும். நாளும் இடமும் அந்தச் சிற்பம் ஒருநாள் காணாமல் போனால் தேவைப்படும்.