20 வயதில் வாழ்க்கை கசந்தது!

லண்டன் நகரில் ஒரு வாலிபர். வயது 20. உடம்பில் நோய் இல்லை. வீட்டில் பட்டினி இல்லை. ஆபீசில் உத்தியோகமும் இருந்தது. ஆனாலும் அவருக்கு வாழ்க்கை கசந்துவிட்டது!

அவர் பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். (மில் என்றதும் பஞ்சாலை என்று எண்ணிவிட வேண்டாம். அது குடும்பப் பெயர்.) பின்னாளில் உலகப் புகழ் பெற்ற தத்துவ அறிஞர் அவர்.

மில் 1806-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில்லும் பெரிய எழுத்தாளர். இந்தியாவில் கால் வைக்காமலே இந்திய வரலாறு எழுதியவர்! அவர் மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே பாடம் சொன்னார். 3 வயதில் கிரேக்க மொழி. 8 வயதில் லத்தீன். தம்பி தங்கைகளுக்கு அந்தச் சிறுவனே வாத்தியார். மற்றப் பையன்களோடு பழக விடவில்லை. அறிவு வளர்ந்தது. விளையாட்டா? அதற்கு நேரம் ஏது!

ஒரு கேள்வி

மக்களின் குறைகளைத் தீர்க்க வேண்டும், உலகைத் திருத்த வேண்டும் என்பதே மில்லின் ஆசை. 1826-ம் ஆண்டில் ஒரு நாள் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். ஆசைப்பட்ட சீர்திருத்தம் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால், தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா?

உண்டாகாது என்றே மனம் சொல்லிற்று.

அவ்வளவுதான். மனம் இருண்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தந்தையிடம் சொன்னால் அவருக்குப் புரியாது என்று நினைத்தார். மாதக் கணக்கில் நடைப்பிணம் போல வேலை பார்த்தார்.

ஒரு நாள், மார்மோன்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் இடம். தந்தை இறந்துவிடுகிறார். குடும்பம் தவிக்கிறது. சிறு பையன் ஒருவன், இனி எல்லாருக்கும் எல்லாமாகத் தானே இருப்பதாகத் தைரியம் சொல்கிறான்.

மில்லின் கண்ணில் நீர் வந்தது. அழத் தெரிந்த மனம் இன்னும் சாகவில்லை! பாரம் குறையத் தொடங்கியது.

பிறகு அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். இன்பத்தையே குறியாக வைத்துத் தேடினால் அது கிடைப்பதில்லை. பிறர் நலத்திலோ, பிடித்த வேலையிலோ மனம் தோய்ந்திருக்கும்போது அது வழியில் தானே வந்து சேருகிறது. தூக்கமும் அப்படித்தானே? ‘வா, வா’ என்று புரண்டால் வராது. வயலில் களை எடுத்துவிட்டு வந்து படுத்தவரை அது தேடி வரும்.

ஆபீஸ் வேலை

மில் 17 வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் சேர்ந்தவர். 1858 வரை, 35 ஆண்டுகள் அங்கேதான் வேலை. இந்தியாவுக்குப் போகும் உத்தரவுக் கடிதங்களை எழுதுவது அவர் பணி. இந்த வேலை தமக்கு ஓய்வாக இருந்தது என்பார். தத்துவ நூல்களை எழுதிக் களைத்த மூளைக்கு அது மாறுதல் தந்தது.

அவர் 1859-ல் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அந்தச் சுதந்திரம் இந்தியருக்கு இன்னும் ஏற்றதல்ல என்று கருதினார். பெரியவர்களுக்கும் கண் மறைக்கும் இடம் உண்டு!

20 ஆண்டு காத்திருந்த காதல்

1830-ம் ஆண்டில் ஹாரியட் டெய்லர் என்ற பெண்மணியைச் சந்தித்தார். அவர் மணமானவர், குழந்தைகளின் தாய். இருவருக்கும் அன்பு வளர்ந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? மில்லின் நண்பர்கள் சிலர் விலகினர். ஹாரியட்டின் கணவர் 1849-ல் இறந்தார். 1851-ல் மில் ஹாரியட்டை மணந்தார்.

அந்த நாளைய ஆங்கிலச் சட்டப்படி, மனைவியின் சொத்தும் உரிமையும் கணவன் கைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட உரிமை எதுவும் தமக்கு வேண்டாம் என்று மணத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டார் மில். இது பெரிய செயல். ஆனால் தம் மனைவியைச் சரியாக மதிக்கவில்லை என்று பெற்ற தாயோடும் சகோதரிகளோடும் மனம் கசந்தார். அது அவருக்குப் பெருமை அல்ல.

இல்லறம் நீடித்தது ஏழரை ஆண்டுகள்தான். 1858-ல் பிரான்சு நாட்டில், அவிஞோன் என்ற ஊரில் ஹாரியட் இறந்துபோனார்.

மில் அந்தக் கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கினார். ஆண்டில் பல மாதங்கள் அங்கே தங்கினார். ஹாரியட்டின் மகள் ஹெலன் துணை இருந்தார். ஆனால் மில் மூலையில் முடங்கவில்லை. 1865-ல் பார்லிமெண்டு மெம்பர் ஆனார். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1867-ல் அங்கே வாதாடினார். ஆதரவு 73 ஓட்டு, தீர்மானம் தோற்றது. சிலர் நகைத்தனர். பிரிட்டனில் ஆணுக்குச் சமமாகப் பெண்கள் ஓட்டுரிமை பெற 1928 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

20 வயதில் எதிலும் ருசி இல்லை என்றவர் 66 வயது வரை வாழ்ந்தார். செடி கொடிகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. 1873 மே மாதம், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, பூச்சிகளை ஆராய்ந்த அறிஞர் பாபருடன் செடி தேடி நெடுந்தூரம் நடந்துவிட்டு வந்தார்.