நாய்க்குட்டி வாணிகமும் இங்கிலாந்துச் சட்டமும்

விற்கப்படும் பொருள் உயிருள்ளதாயின், வாங்குவோர் காண்பது அதன் வாழ்வில் ஒரு சிறு பகுதியே. அது பிறந்த இடமும், ஈன்ற தாயின் நிலையும் கடையின் கண்ணாடிப் பெட்டியில் தெரிவதில்லை. இதனைச் சட்டம் கருத்திற் கொள்வதற்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

வளர்ப்பு விலங்குக் கடைகளைப் பற்றிய சட்டம் அங்கு 1951-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உள்ளூர் மன்றத்தின் உரிமமின்றி எவரும் அத்தகைய கடை நடத்தலாகாது என்று அது விதித்தது. போதிய இடம், உணவு, நீர், நோய்த்தடுப்பு, தீக்காப்பு ஆகியவற்றைக் கருதியே உரிமம் வழங்கப்பட வேண்டும். 12 வயது நிரம்பாச் சிறார்க்கு விலங்கு விற்பது குற்றமாயிற்று. தெருவிலும் சந்தைக் கடைகளிலும் விற்பது 1983-இல் தடுக்கப்பட்டது. கிழக்கு லண்டனில் கிளப் ரோ என்னுமிடத்தில் நெடுங்காலம் நடந்த நாய் வாணிகமும் அத்துடன் முடிவுற்றது.

இவை நல்லனவே. எனினும், சட்டத்தின் பார்வை கடைவாயிலோடு நின்றது. பெண் நாய்களைக் கூண்டிலடைத்து, ஓய்வின்றி ஈனச் செய்யும் பண்ணைகள் பெருகின. அங்குப் பிறந்த குட்டிகள் இளமையிலேயே தாயைப் பிரிக்கப்பட்டுத் தரகர் வழியே தொலைதூரம் சென்றன. பயணத்தில் நோயுற்ற குட்டிகள் பல. வாங்கியவர் துயருற்றார், பண்ணைக்காரரோ கண்ணுக்குப் புலப்படவில்லை.

வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து 2013-இல் மீட்கப்பட்டது லூசி என்னும் ஸ்பேனியல் இனப் பெண் நாய். கூண்டு வாழ்க்கையால் அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. அது 2016-இல் இறந்தது. கால்நடை மருத்துவர் மார்க் ஆபிரகாம் முதலியோர் அதன் பெயரால் கிளர்ச்சி நடத்தினர். அதன் பயனாக வந்த ‘லூசி சட்டம்’ இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி, 6 மாதம் நிரம்பாத நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் வாணிகமாக விற்போர் அவற்றைத் தாமே வளர்த்து ஈனச் செய்தவராய் இருத்தல் வேண்டும். வாங்கி விற்கும் கடைக்காரருக்கும் தரகருக்கும் அதில் இடமில்லை. ஆதரவற்ற விலங்குகளைக் காக்கும் இல்லங்களுக்குத் தடையில்லை. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் 2021-இல் இவ்வழியைப் பின்பற்றின. பிரான்சு நாடு, கடைகளில் நாய் பூனை விற்பதையே 2024 முதல் தடுத்தது.

1951-ஆம் ஆண்டுச் சட்டம் குட்டியின் கூண்டை நோக்கியது. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஈன்ற தாயை நோக்கியது. இதுவே இரண்டிற்குமுள்ள வேறுபாடு. எனினும், வேறொரு நாயைத் தாயெனக் காட்டி ஏமாற்றுவோரைச் சட்டம் மட்டும் தடுத்துவிட இயலாது. குட்டி பிறந்த இடத்திற்கே சென்று, அது தாயிடம் பாலுண்பதைக் கண்ட பின்னரே வாங்குவது என்னும் உறுதி மக்களிடம் வேண்டும். அவ்வுறுதி இல்லையேல், கூண்டிலுள்ள தாய்க்கு விடுதலை இல்லை.